குதிரையின் மனமும் குதிரைக்காரரின் முகமும்

தறிக்குப் பேர்போன புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கும் குதிரைக்கும் நேரடி உறவு ஒன்றுமில்லை. ஆனால் மணிக்கூண்டிலிருந்து வடக்கே கிளம்பி, கோட்டக்குப்பத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போய் மேற்கே திரும்பினால் ஆரோவில். அங்கே ரெட் எர்த் என்ற குதிரையேற்றப் பள்ளி பல ஆண்டுகளாக நடக்கிறது. போட்டிக் காலங்களில் வெளியூர்க் குதிரைகளும் வந்திறங்கும். இன்றைக்குக் குதிரை வளர்ப்பவர் ராஜாவோ ஜமீன்தாரோ அல்லர். சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் கொள்ளுக்கும் தவிட்டுக்கும் லாடத்துக்கும் எடுத்துவைத்துவிட்டு, விடிகாலையில் லாயத்துக்கு ஓடுகிற மனிதர். அவருக்கு வரும் ஒரு சங்கடத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த குதிரை திடீரென்று சேணத்தைக் கண்டால் காதை மடக்கிப் பல்லைக் காட்டுகிறது. வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வருகிறது. டாக்டர் வந்து பார்க்கிறார். காய்ச்சல் இல்லை, கால் வீக்கம் இல்லை. கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஓய்வு கொடுத்தும் மாறவில்லை. அப்போது தெரிந்தவர் யாராவது ஒரு கைபேசி எண்ணைத் தருவார். அந்த எண்ணுக்குரியவர் அனிமல் கம்யூனிகேட்டர். விலங்குகளோடு மனத்தால் பேசுவதாகச் சொல்கிறவர். பெருநகரங்களில் இதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். குதிரையின் படம், பெயர், வயது, கேட்க வேண்டிய கேள்விகள், கூடவே கட்டணம்: இவ்வளவு போதும். அவர் லாயத்துக்கு வர வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் கண்மூடி உட்கார்ந்துவிட்டு, வீடியோ அழைப்பில் வந்து குதிரை சொன்னதைச் சொல்வார். பெரும்பாலும் குதிரையே பேசுவதுபோல ‘நான்’ என்றுதான் தொடங்கும்.

இந்தத் தொழிலுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் பெனிலோப் ஸ்மித். 1970-களில் தொடங்கியவர். 1990-இல் இத்தொழில் செய்வோருக்கென்று ஓர் ஒழுக்க விதித்தொகுப்பையும் எழுதினார். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து சொல்வதும் நம் வேலையல்ல, அதற்குக் கால்நடை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதில் உள்ள விதிகளுள் ஒன்று. இந்த விதியைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

புதுச்சேரிக்காரருக்கு இதெல்லாம் கேட்டவுடனே சிரிப்பு வருகிற விஷயமில்லை. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை தம் பூனைகளைப் பற்றிச் சொன்ன கதைகளை ஆசிரமத்தைச் சுற்றி வளர்ந்தவர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. அந்த யானைக்குத் தங்களைத் தெரியும் என்று நம்பியவர்களின் அழுகை அது. குலசாமி கோயிலில் குறி கேட்பவரும், மாடு வாங்கப் போனால் முதலில் சுழி பார்ப்பவரும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். குதிரைக்கும் சுழி உண்டு. நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் 1952-இல் பதிப்பித்திருக்கிறது. ஆக, விலங்கின் உடம்பிலோ மனத்திலோ ஒரு செய்தி இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானதல்ல. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கிருந்து எழுபது கிலோமீட்டரில் இருக்கிற செஞ்சியின் தேசிங்கு ராஜன் கதையில் தேசிங்குக்கும் அவன் குதிரை பாராசாரிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் எவரும் கிடையாது.

நாயையும் பூனையையும்விடக் குதிரை விஷயத்தில் இந்த மொழிபெயர்ப்பாளர் ஏன் அதிகம் தேவைப்படுகிறார்? எனக்குத் தோன்றும் காரணம், குதிரைக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது என்பதுதான். நாய் பெரும்பாலும் குட்டியாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. குதிரை நாலைந்து கை மாறி வருகிறது. நம் பக்கத்துக் குதிரையேற்றப் பள்ளிகளில் நிற்கும் தரோபிரெட் குதிரைகளில் பல, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. கிண்டியில் 1777 முதல் பந்தய வரலாறு உண்டு. 2024 செப்டம்பரில் தமிழக அரசு பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து அந்த 160 ஏக்கரையும் திரும்ப எடுத்துக்கொண்டது. பந்தயக் குதிரையின் தாய் தகப்பன் யார், எப்போது பிறந்தது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். எந்த லாயத்தில் யார் அடித்தார்கள், எந்தத் துணைக் குதிரையைப் பிரிந்து வந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வாங்கியவருக்கு அந்த வெற்றிடம் உறுத்திக்கொண்டே இருக்கும். கம்யூனிகேட்டர் அதைக் கதையால் நிரப்புகிறார். இடப்பக்கம் சாட்டை விழுந்தது, நெருங்கிய தோழியைப் பிரிந்தேன், இருட்டான வண்டியில் வெகுதூரம் வந்தேன். பந்தயத்தில் ஓடிய எந்தக் குதிரைக்கும் இந்த மூன்றும் நடந்திருக்கும். இல்லையென்று யாராலும் நிரூபிக்க முடியாது.

அனுபவப்பட்ட குதிரைக்காரர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். ‘அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒன்றைச் சொன்னார்’ என்று வியப்பவர் ஒருவர். ‘எந்தக் குதிரைக்கும் பொருந்துவதைச் சொல்லிக் காசு வாங்கினார்’ என்று கசப்பவர் இன்னொருவர். மூன்றாமவர்தான் அதிக சுவாரசியமானவர். மனத்தால் பேசுவதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. ‘எப்படியோ, அதற்கப்புறம் குதிரை மாறிவிட்டது’ என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

கசப்பவரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்கு எண்கள் இருக்கின்றன. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் இரைப்பைப் புண் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தில் சூ டைசனும் லைன் கிரீவும் சேர்ந்து, உரிமையாளர்கள் நலமாக இருப்பதாக நம்பிய 506 சவாரிக் குதிரைகளைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 46 சதவீதத்துக்கு நொண்டலோ, வலியால் நடைமாற்றமோ இருந்தது. ஆகவே குதிரையைப் பார்க்காமலேயே ‘வயிற்றில் எரிகிறது’ என்றோ ‘பின்னங்கால் வலிக்கிறது’ என்றோ சொல்பவர் பாதிக்குப் பாதி ஜெயிப்பார். இது போதாதென்று படம் வேறு கையில் இருக்கிறது. சேணம் உரசிப் புண்ணாகி ஆறிய இடத்தில் முளைத்த வெள்ளை மயிர், முதுகில் வற்றிய தசை, வளர்ந்துபோன குளம்பு, பின்னணியில் தெரியும் லாயத்தின் அளவு எல்லாம் பார்க்கத் தெரிந்தவருக்குப் படத்திலேயே தெரியும்.

மனிதர்களிடம் இதே வித்தை எப்படிப் பலிக்கிறது என்பதை 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேரிடம் சோதித்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அதன் வரிகள் பெரும்பாலும் ஜோதிடப் புத்தகத்தில் பொறுக்கியவை. எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. குதிரையின் பெயரால் சொல்லப்படும் குறிப்பு இதைவிடவும் சௌகரியமானது. தன்னைப் பற்றிச் சொன்னது தவறென்று மாணவர் மறுக்கலாம், குதிரை மறுக்காது.

ஆனால் வியப்பவரை இதோடு தள்ளிவிட்டால் நாம் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். பொதுவான விஷயங்களைத் தாண்டிக் குறிப்பான ஒன்றைச் சொல்லிவிட்டார் என்றுதானே அவர் சொல்கிறார்? அதற்குப் பெர்லினுக்குப் போக வேண்டும்.

வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கூட்டல், கழித்தல், பின்னம், நாள்காட்டி எல்லாம் கற்றுக்கொடுத்ததாக நம்பினார். கேள்வி கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். வேடிக்கை காட்டக் காசு வாங்கவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1904-இல் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. சர்க்கஸ்காரர், கால்நடை மருத்துவர், ஆசிரியர் எல்லோரும் அதில் இருந்தார்கள். தந்திரம் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். பிறகுதான் ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் பொறுமையாக உட்கார்ந்தார். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் ஹான்ஸ் நூற்றுக்குச் சுமார் 89 சரியாகச் சொன்னது. கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தால் நூற்றுக்கு 6. கேள்வி முடிந்ததும் கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தம்மையறியாமல் தலையைத் தாழ்த்துவார். ஹான்ஸ் தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அந்தத் தலை இம்மியளவு நிமிரும், ஹான்ஸ் நிறுத்திவிடும். இந்த அசைவு இருக்கிறதென்று கண்டுபிடித்த பிறகும் ஃபங்ஸ்டால் அதைத் தம் உடம்பிலிருந்து அடக்க முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்தி, குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று முடித்துவிடுவார்கள். 1907-இல் வெளிவந்த ஃபங்ஸ்டின் நூலில் இதைவிட முக்கியமான ஒரு பகுதி இருக்கிறது. அவர் தாமே குதிரையின் இடத்துக்குப் போனார். எதிரே இருப்பவரை ஓர் எண்ணை மனத்தில் நினைக்கச் சொல்லிவிட்டு, கையால் தட்டிக்கொண்டே வந்து, அவர் தலையசைவைப் பார்த்து நிறுத்தினார். பல வயதினரான 25 பேரிடம் செய்து பார்த்ததில் இருவரைத் தவிர எல்லோரும் தம்மையறியாமல் விடையைக் காட்டிக்கொடுத்தார்கள். காட்டிக்கொடுத்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அருகிலிருந்து பார்த்த எவரும் ஃபங்ஸ்ட் மனத்தைப் படிக்கிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

கம்யூனிகேட்டரின் அழைப்பில் நடப்பதும் இதுதான் என்பது என் கணிப்பு. ‘அது ஓர் இழப்பைச் சொல்கிறது...’ என்று அவர் இழுக்கும்போது திரையில் இருக்கும் குதிரைக்காரரின் முகம் விடை சொல்லிவிடும். சாதாரணத் தொலைபேசியிலும் ஒரு ‘ம்’, ஒரு மௌனம், மூச்சின் மாற்றம் போதும். இதைச் செய்கிறவர் வேண்டுமென்றே செய்ய வேண்டிய அவசியமில்லை. ஃபான் ஓஸ்டனைப் போலவே அவரும் முழு மனத்தோடு நம்பலாம். குறிப்பாக ஒன்றைச் சொன்னார் என்று வியப்பவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குறிப்பை லாயத்தில் நிற்கும் குதிரை அனுப்பியிருக்க வேண்டியதில்லை; எதிரில் உட்கார்ந்து தவிக்கும் அவரே அனுப்பியிருப்பார்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெர்லினே தேவைப்பட்டிருக்கக் கூடாது. பூம்பூம் மாட்டுக்காரர் நம் தெருக்களில் வந்துகொண்டிருந்தவர்தான். கல்யாணம் கூடுமா என்று கேட்டால் மாடு தலையாட்டும். கயிற்றின் சிறு அசைவும் மேளத்தின் தாளமும்தான் அதற்குக் கட்டளை. ஊருக்கே இது தெரியும். தெரிந்தும் அரிசி போட்டோம். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் லேடி வொண்டர் என்ற குதிரை எழுத்துக் கட்டைகளைத் தள்ளிக் குறி சொன்னது. 1920-களின் இறுதியில் ஜே.பி. ரைன் போன்ற ஆய்வாளரே அதை மனத்தொடர்பு என்று நம்பினார். பின்னாளில் மில்போர்ன் கிறிஸ்டபர் என்ற மந்திரவித்தைக்காரர் போய், தம் பெயர் ஜான் பேங்க்ஸ் என்று பொய் சொன்னார். குதிரை பேங்க்ஸ் என்றே எழுத்துக் கூட்டியது. மாட்டுக்காரரைப் பார்த்து வளர்ந்த நம்மூர்ப் பாட்டி ஒருவர் அங்கே இருந்திருந்தால் கிறிஸ்டபருக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்.

மூன்றாமவரின் அனுபவம் மிச்சமிருக்கிறது: பேசியதற்கு அப்புறம் குதிரை மாறிவிட்டது. இது உண்மையாகவே நடக்கக்கூடியது. சுவீடனில் லிண்டா கீலிங் குழுவினர் 2009-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குதிரையைச் சிலர் பிடித்து நடத்தினார்கள், சிலர் ஏறி ஓட்டினார்கள். நான்காவது நடையில் ஒருவர் குடையைப் படக்கென்று விரிப்பார் என்று மனிதர்களிடம் மட்டும் சொல்லப்பட்டது. குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதரின் நாடித்துடிப்போடு குதிரையின் நாடித்துடிப்பும் ஏறியது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் 28 குதிரைகளுக்கு முன்பின் தெரியாத மனிதர்களின் கோப முகத்தையும் சிரித்த முகத்தையும் படமாகக் காட்டினார்கள். கோப முகத்துக்கு நாடித்துடிப்பு வேகமாக உச்சத்துக்குப் போனது. இடக்கண்ணால் அதிகம் பார்த்தன. அச்சுறுத்துவதைக் குதிரைகள் பெரும்பாலும் அந்தக் கண்ணால்தான் பார்க்கும்.

அப்படியென்றால், ‘குதிரைக்கு உங்கள்மேல் கோபமில்லை, பயம்தான்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டு, மறுநாள் தோளைத் தளர்த்தி, குரலைத் தாழ்த்தி லாயத்துக்குள் நுழைகிறவரின் குதிரை வேறு குதிரையாகத்தான் இருக்கும். மாறியவர் அவர், குதிரை அதைப் படித்தது. நம்புகிறவர்களும் சந்தேகப்படுகிறவர்களும் இந்த இடத்தைக் கவனிக்காமலே சண்டை போடுகிறார்கள். குதிரையோடு பேசும் சக்தி மனிதருக்கு இருக்கிறதா என்பதல்லவா அவர்கள் வாதம்? மனிதரைப் படிக்கும் சக்தி குதிரைக்கு இருக்கிறது என்பதோ நூறாண்டுக்கு முன்பே நிரூபணமான விஷயம். ஹான்ஸ் ஏமாற்றவில்லை. பெர்லின் பேராசிரியர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றித் தெரியாததை அது தெரிந்துவைத்திருந்தது.

குதிரை நம்மிடம் எதைச் சொல்கிறது என்பதற்கும் இப்போது திரையும் தியானமும் வேண்டாம். 2014-இல் இத்தாலியின் இமானுவெலா டல்லா கோஸ்டாவும் சகாக்களும் வலியில் இருக்கும் குதிரையின் முகத்தை ஆறு அடையாளங்களாகப் பிரித்தார்கள்: விறைத்துப் பின்னோக்கிய காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே இறுகிய தசை, துருத்திய மெல்லும் தசை, இறுகிய வாய், விரிந்து தட்டையான மூக்குத்துளை. சூ டைசன் 2018-இல் சவாரியின்போது மட்டும் கவனிக்க 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். காதை மடக்குவதும் வாலை வீசுவதும் திமிர் என்று சாட்டையை எடுத்தவர்களுக்கு இந்தப் பட்டியல் நல்ல செய்தி அல்ல. வாரை இறுக்கும்போது கடிக்க வரும் நம் குதிரைக்கும் இரைப்பைப் புண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்நோக்குக் குழாய் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரணமாகத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையில் தெரியாது.

நார்வேயில் நடந்த ஒரு வேலை எனக்கு இன்னும் பிடித்தமானது. சிசிலி மேடெல் குழுவினர் 23 குதிரைகளுக்கு மூன்று குறிப்பலகைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று கம்பளி போடு, இன்னொன்று எடு, மூன்றாவது இருப்பது இருக்கட்டும். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சியில் இரண்டு வாரத்துக்குள் அத்தனையும் கற்றுக்கொண்டன. மழையும் குளிரும் அடிக்கிற நாளில் கம்பளி கேட்டன, வெயிலில் வேண்டாம் என்றன. திருவாரூரில் கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழனின் மணியை இழுத்தது என்பது புராணம். மணி கட்டிவைத்தால் விலங்கு இழுக்கும் என்பதோ 2016-இல் அச்சேறிய ஆய்வு முடிவு.

பெனிலோப் ஸ்மித்தின் விதிக்கு வருவோம். குதிரைக்கு வாந்தியெடுக்க வராது; குடல் நோவு வந்தால் வயிற்றில் சேர்வது மேலே வர வழியில்லை. தரையில் புரள்வதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், சாணி போடாமல் நிற்பதும் தொடங்கிய சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. அறுபதைத் தாண்டினால் அவசரம். அந்த நேரத்தில் ‘அது மனக்கவலையில் இருக்கிறது’ என்ற வாக்கியம் குதிரையைக் கொல்லும் வாக்கியம். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984-இன்படி பதிவுபெற்ற மருத்துவர் மட்டுமே மருத்துவம் செய்யலாம். புதுச்சேரிக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் குதிரையில் தனித் தேர்ச்சி உள்ளவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதும், சந்தேகத்தைத் தீர்க்கும் கருவிகள் பெருநகரங்களில்தான் இருக்கின்றன என்பதும் உண்மை. கம்யூனிகேட்டருக்கு வாசல் திறப்பது பெரும்பாலும் இந்த இடைவெளிதான். மூடநம்பிக்கை என்று குதிரைக்காரரைத் திட்டுவதால் இடைவெளி அடைபடாது.

எல்லாம் சரி, மனத்தால் பேசுவது ஒருவேளை உண்மையாகவே இருந்தால்? இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் தொடவே இல்லை என்பது சரியல்ல. ரூபர்ட் ஷெல்ட்ரேக் கேம்பிரிட்ஜில் படித்த உயிரியலாளர். ஹைதராபாத்தில் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் பீட் கிரிஃபித்ஸின் சாந்திவனம் ஆசிரமத்தில் ஒன்றரை ஆண்டு தங்கித் தம் முதல் நூலை எழுதினார். பின்னாளில் ஜேட்டீ என்ற நாய், எசமானி வீடு திரும்பக் கிளம்பும் கணத்திலேயே ஜன்னலுக்குப் போய் நிற்கிறது என்று வாதிட்டார். ரிச்சர்ட் வைஸ்மனும் சகாக்களும் நான்கு முறை சோதித்து, 1998-இல் அப்படி எதுவும் தெரியவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் சேர்த்த தரவிலேயே தம் முடிவு தெரிகிறது என்றார் ஷெல்ட்ரேக். எதை வெற்றி என்று கொள்வது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகாததால் சண்டை நீண்டது. முன்கூட்டியே அதை எழுதி வைத்துக்கொண்டால் தீர்ந்துபோகும் சண்டை.

குதிரை விஷயத்தில் அப்படியொரு சோதனையை எந்தக் குதிரையேற்றப் பள்ளியும் அதிகச் செலவில்லாமல் நடத்தலாம். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே இனக் குதிரைகள் ஐந்து. ஐந்துக்கும் ஒரே கம்யூனிகேட்டர். உரிமையாளர்கள் யாரும் அவரோடு பேசக் கூடாது. மூன்றாம் மனிதர் ஒருவர் படத்தையும் பெயரையும் மட்டும் அனுப்ப வேண்டும். வந்த ஐந்து குறிப்புகளிலும் பெயர், நிறம், ஆணா பெண்ணா என்பதை அடித்துவிட்டுக் கலைத்துப் போட்டு, ஐந்து உரிமையாளர்களும் கூடிப் பேசி எது எந்தக் குதிரையுடையது என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடி எடுத்தாலும் சராசரியாக ஒன்று சரியாக அமையும். ஐந்துக்குப் பதில் ஐம்பது குதிரை வைத்தாலும் அந்தச் சராசரி ஒன்றுதான். கணக்கில் இது ஓர் அழகான விஷயம். ஐந்தும் சரியாக அமைய 120-க்கு ஒரு வாய்ப்பு. இரண்டு முறை நடத்தி இரண்டு முறையும் ஐந்தும் பொருந்தினால் என்னைப் போன்றவர்கள் எழுதியதையெல்லாம் திரும்ப எழுத வேண்டியிருக்கும். கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, இதற்குச் சம்மதமா என்று கேட்டுப் பார்க்கலாம்.